கோடில்லாத கல்யாண வீடியோ

என் மகன் புது டிவி வாங்கப் போகிறான். கூடவே கரண்டைச் சீராக்கும் பவர் கண்டிஷனர் என்று ஒரு பெட்டியை மாட்டினால் படம் பளிச்சென்று இருக்குமாம், கடையில் சொல்லியிருக்கிறார்கள். நிஜமா என்று என்னைக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நிட்டிங் மெஷின் எண்ணெய் வாசனையும். மறதிக்காரிதான் நான், ஆனால் என் மூக்கு எதையும் மறப்பதில்லை.

கல்யாணமான புதிதில், ராயபுரத்தில் மாடியில் எங்கள் வீடு, கீழே என் கணவரின் நிட்டிங் கம்பெனி, பனியன் துணி பின்னுகிற இடம். மெஷின் ஓடினால் சமையலறை டம்ளர்கள் தாமாக நகரும். எண்ணெய் வாசனை என் ரசத்தில்கூட இருக்கும். ரசம் சரியில்லை என்றவர்களிடம் பழியை அதன்மேல் போட்டுத் தப்பித்திருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் அவர் ஆசையாக ஹோம் தியேட்டர் வாங்கினார். சத்தம் ஜோர். படத்தில்தான் கோடு கோடாக ஓடியது. கடைக்காரர் ஒரு பவர் கண்டிஷனரை எங்கள் தலையில் கட்டினார்.

கம்பெனி லீவு என்று ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டினார்கள். ஒரு கோடு இல்லை. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே குன்னத்தூருக்குப் போன் போட்டு, எங்கள் கல்யாண வீடியோவைப் பார்க்க வரும்படி என் அப்பாவை அழைத்தார். பாவம், அப்பா பந்தியைக் கவனிக்கப் போய், ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவே இல்லை. அந்தக் குறை அவருக்கு இருந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மெஷின் ஓடியதும் கோடுகள் திரும்பி வந்துவிட்டன. அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது, படத்தைத் தெளிவாக்கியது பெட்டி இல்லை, கம்பெனி லீவு. கடைக்காரரோ, "கொஞ்ச நாள் ஓடிச் செட்டாகோணுமுங்க" என்றார்.

அது செட்டாவதற்குள் அப்பா வந்துவிட்டார். சோபா நுனியில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரையில் நான் எது, நாத்தனார் எது என்று எனக்கே தெரியவில்லை. "தெரியுதுங்க மாப்ளை, நல்லாத் தெரியுது" என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. என் கணவர் எழுந்து கீழே போனார்.

ஓடுகிற மெஷினைப் பாதியில் நிறுத்தினால் துணியில் குறுக்கே கோடு விழும். அப்படி நிறுத்தியவர்களை அவர் வாட்டி எடுப்பதை மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவரே எல்லா மெஷினையும் நிறுத்தினார். டம்ளர்கள் அடங்கின. படம் தெளிந்தது. என் கழுத்தில் தாலி ஏறுவதை அப்பா பார்த்தார். "இன்னொருக்காப் போடு கண்ணு" என்றார். போட்டேன்.

இவர் மேலே வந்ததும் அப்பா, "பொட்டி நல்லா வேலை செய்யுதுங்க மாப்ளை" என்றார். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தவர், அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் தறி ஓட்டியவருக்கு மெஷின் நின்றது தெரியாதா என்ன? இவரும் ஆமாங்க மாமா என்று தலையாட்டினார். அந்த நிமிடம் இரண்டு பேரையுமே எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இப்போது அப்பா இல்லை. கம்பெனியும் ஊருக்கு வெளியே ஷெட்டுக்குப் போய்விட்டது. டம்ளர்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. பெட்டியெல்லாம் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். படம் தெளிவாகத்தான் இருக்கும். யாருக்காகவும் இறங்கிப் போய் நிறுத்துவதற்கு, கீழே எதுவும் ஓடவில்லை.