ஆறாவது படியில் இருந்த தவறு

கடையில் அவளை எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழுதான மின்னணுப் பலகை ஒன்று சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் மூடியைப் போட்டுத் திருகு முடுக்கும் நேரத்தில், “இருங்க, எனக்கு ஒரு சந்தேகம்” என்று திரும்பவும் திறந்து பார்ப்பாள். பத்தில் எட்டு முறை அவள் சொன்னது சரியாகவே இருக்கும். மீதி இரண்டு முறை திட்டு வாங்குவாள். நாற்பத்து நாலு வயது. பிள்ளைகளுக்காகப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். தையல் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசை, ஒரு ஜன்னல், ஈயப்புகை. அதுதான் அவள் பழுது பார்க்கும் கடை.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் ஒன்றை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. அச்சிலோ திரையிலோ எழுதி வைத்திருப்பதை. எழுதியவர்கள் தெரியாமலா எழுதியிருப்பார்கள் என்பது அவள் நினைப்பு. அந்த நினைப்பு ஒரு காலை நேரத்தில், ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் உடைந்தது.

அங்கே அடைகாக்கும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை முட்டைகளைத் திருப்பும் நேரத்தைத் தப்பாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. புது நிரலை ஏற்றினால் சரியாகிவிடும். அந்தப் பலகையில் இருந்தது, உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த ஒரு பூட்லோடர். மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிக்கிற சின்னஞ்சிறு நிரல் அது. அது எழுந்துதான் பெரிய நிரலைத் தட்டி எழுப்பும். அது போய்விட்டால் பலகை வெறும் தகடு.

மடிக்கணினியில் பூட்லோடரின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்படியாகச் செய்தாள். ஆறாவது படி: ‘நிரலை நினைவகத்தின் 4096ஆம் இடத்திலிருந்து எழுதவும்.’ எழுதினாள். விளக்கு எரியவில்லை. இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த காத்தாடியும் நின்றது.

“என்னம்மா, காத்தாடி நின்னு போச்சு?” என்றார் பொரிப்பகக்காரர். “உள்ள ஒன்பதாயிரம் முட்டை இருக்கு.”

“கதவை மட்டும் யாரும் திறக்காதீங்க. சூடு கொஞ்ச நேரம் தாங்கும்.”

அவர் மனைவி இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெப்பமானியைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சத்தமாகச் சொன்னார். முப்பத்தேழரை. முப்பத்தேழு. முப்பத்தாறு புள்ளி எட்டு.

சந்தேகம் கையேட்டை மூடிவிட்டு, பூட்லோடரின் மூல நிரலையே திறந்தாள். அதில் ஓர் ஓரத்தில் இருந்தது அந்த வரி: பெரிய நிரல் தொடங்கும் இடம் 8192. ஆறு வருடத்துக்கு முன் மாற்றியிருக்கிறார்கள். பூட்லோடர் வளர்ந்து இரண்டு மடங்கு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. கையேட்டில் மட்டும் பழைய எண் அப்படியே கிடக்கிறது. அதாவது, கையேடு சொன்னதைக் கேட்டு, பூட்லோடரின் பின்பாதியை அவளே தன் கையால் அழித்திருக்கிறாள்.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று அவள் போட்ட கூச்சலில் பொரிப்பகக்காரர் கையிலிருந்த டார்ச் விளக்கைக் கீழே போட்டார்.

நாலு கம்பிக் கேபிளைச் சிப்பிலேயே நேராக மாட்டி, முதலில் பூட்லோடரை முழுசாக எழுதினாள். பிறகு நிரலை 8192இல் எழுதினாள். விளக்கு மூன்று முறை சிமிட்டியது. காத்தாடி ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது.

“ஏறுது! ஏறுது!” என்று முக்காலியிலிருந்தே கத்தினார் மனைவி.

திரும்பும் பேருந்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைபேசியில் அந்தப் பூட்லோடரைப் பற்றிய கேள்வி பதில் பக்கங்களைப் புரட்டினாள். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள், வருடக்கணக்காக, ஒரே கதையைச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது படியில் பலகை செத்துவிட்டது. எல்லோருடைய கடைசி வரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் போல. ஒருவர் மூன்று பலகைகளைக் குப்பையில் போட்டிருந்தார். ‘ஐயோ, உங்க தப்பு இல்லீங்க’ என்று ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் திட்டத்தின் பொறுப்பாளருக்குத் தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள். மறுநாளே பதில் வந்தது. அந்தப் பக்கங்களை எழுதியவர் எப்போதோ விலகிவிட்டார். திருத்த ஆசைதான், ஆனால் சோதித்துப் பார்க்கப் பழைய பலகைகள் எங்கள் யாரிடமும் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

இருக்கிறதாவா! கடை அலமாரியின் அடித்தட்டு முழுக்க அதுதான். பதினோரு விதமான பலகைகள், தூசியோடு.

“முதலாளி, அந்தக் குப்பையை நான் எடுத்துக்கட்டுமா?”

“பத்து வருஷமா நான் தூக்கிப் போடச் சொல்லிட்டு இருக்கேன். தாராளமா எடுத்துக்கோ. ஆனா கடை வேலை முடிஞ்ச அப்புறம்தான்.”

ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு படியையும் செய்து பார்த்தாள். ஒரு தவறைத் தேடிப் போனவளுக்கு முப்பத்து நாலு கிடைத்தன. படத்தில் இருக்கும் பொத்தான் பலகையில் இல்லை. இறக்கிக்கொள்ளச் சொன்ன மென்பொருள் நிறுத்தப்பட்டு நாலு வருடமாகிறது. ‘மேலும் விவரங்களுக்கு’ என்ற சுட்டியைத் தொட்டால் குதிகால் உயர்ந்த செருப்பு விற்கும் கடை ஒன்று திறந்தது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது வேட்டைக்குப் போனவளுக்கு வரும் வேகம் அவளுக்கு வந்தது. கணவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்பார். “மூணு!” என்பாள், பரிசு வாங்கி வந்த பிள்ளையைப் போல.

எல்லாவற்றையும் புதிதாக எழுதி முடித்ததும், கீழே தையல் கடை வைத்திருக்கும் நாத்தனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிக்கு இழுத்து வந்தாள். நாத்தனாருக்கு மின்னணுவில் அனா ஆவன்னா தெரியாது. அதனால்தான் அவளைப் பிடித்தாள்.

“எழுதியிருக்கிறதை மட்டும் செய். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீங்களா? வாயைத் திறக்காமலா? சரி அண்ணி, பார்ப்போம்.”

மூன்றாவது படி: பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுக்கவும். நாத்தனார் அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

“எவ்வளவு நேரம் அண்ணி? விரல் வலிக்குது.”

சந்தேகம் உதட்டைக் கடித்துக்கொண்டு, ‘ஐந்து நொடி’ என்று தாளில் குறித்தாள்.

“விளக்கு எரியும் வரை காத்திருக்கவும்னு போட்டிருக்கு. இங்க ரெண்டு விளக்கு இருக்கே. சிவப்பா, பச்சையா?”

குறித்தாள். அடுத்த கேள்வி அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“பழைய சட்டையைப் பிரிச்சுத் தைக்கணும்னா, பிரிக்கிறதுக்கு முன்னாடி அளவை எழுதி வச்சுக்குவேன். இங்க எடுத்த எடுப்புல அழிக்கச் சொல்றீங்க. உள்ள இருந்தது வேணும்னா எங்க போறது?”

“நகல் எடுக்கணும்! அழிக்கிறதுக்கு முன்னாடி நகல் எடுக்கணும்! இது எப்படி எனக்குத் தோணாமப் போச்சு?” வாயைத் திறக்க மாட்டேன் என்ற சத்தியம் அத்தோடு போயிற்று.

மூன்றாவது முறை நாத்தனார் யாரையும் எதையும் கேட்காமல் கடைசிப் படி வரை போனாள். பச்சை விளக்கு சிமிட்டியதும் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததில், கீழ்க்கடைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்ததாம்.

திருத்தங்களை அனுப்பினாள். இரண்டு நாளில் திட்டத்தில் இருக்கும் கறாரான பொறியாளர் ஒருவர் மறுப்பு எழுதினார். 4096 தவறு என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். பழைய பூட்லோடர் இருக்கும் பலகைகளுக்கு அதுதான் சரி.

அவளுக்கு முகம் சுருங்கியது. அலமாரிப் பலகைகளில் இரண்டு மட்டும் பழைய பதிப்பு என்று ஞாபகம் வந்தது. அந்த இரண்டிலும் அவள் பூட்லோடரைப் புதுப்பித்த பிறகே சோதித்திருந்தாள். ஒன்றில் பழையதையே திரும்ப எழுதி, நிரலை 8192இல் ஏற்றினாள். பலகை எழவில்லை. 4096இல் ஏற்றினாள். எழுந்தது. அந்த மனிதர் சொன்னது சரி. ஒரு தவறைத் துரத்திக்கொண்டு போய், அதே தவறைத் திருப்பிப் போட்டு எழுத இருந்திருக்கிறாள்! வாய்விட்டுச் சிரித்தாள். ‘முதலில் பூட்லோடரின் பதிப்பு எண்ணைப் பார்க்கவும்’ என்று ஒரு புதுப் படியும், எந்தப் பதிப்புக்கு எந்த இடம் என்று ஒரு சின்ன அட்டவணையும் சேர்த்தாள். நன்றி என்று அவருக்கு எழுதினாள். அவரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவர் அதைப் பெரும்பாலும் யாருக்கும் போடுவதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டாள்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, கையில் கம்பிகளைப் பற்றவைக்கும் சூடான ஈயக்கோலோடு அவள் குனிந்திருந்தபோது கைபேசி ஒலித்தது. பார்த்தவள் ஈயக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு நாற்காலியோடு பின்னால் போனாள்.

“என்ன, ஷாக் அடிச்சிடுச்சா?” என்று ஓடி வந்தார் முதலாளி.

“இல்ல முதலாளி, ஏத்துக்கிட்டாங்க! முப்பத்து நாலும் ஏத்துக்கிட்டாங்க!”

அந்த வாரமே, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. மீன் குட்டைகளுக்குக் காற்று ஊதும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவராம். ஒரு வருடமாக மூலையில் கிடந்த பதினாலு பலகைகளையும் புதுக் கையேட்டைப் பார்த்து ஒரே மதியத்தில் எழுப்பிவிட்டாராம். நகல் எடுக்கச் சொன்ன படியை யார் யோசித்தது என்று கேட்டிருந்தார். ஒரு தையல்காரி என்று பதில் போட்டாள். நாத்தனார் அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். துணி தைக்க வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது, அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

பிறகு கையேடு முழுவதற்கும் அவளையே பொறுப்பாக இருக்கச் சொன்னார்கள். எனக்கு நிரல் எழுத வராதே என்று அவள் தயங்கினாள். எங்களுக்கு அது வரும், படிப்பவருக்கு எந்த இடத்தில் தடுக்கும் என்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை என்று எழுதினார் பொறுப்பாளர். அதற்கு மேல் அவள் பிகு பண்ணவில்லை.

போன மாதம் அவள் எழுதிய கையேட்டின் தமிழ்ப் பக்கங்களும் வெளியாகின. முதல் நாள் நாற்பது பேர் படித்தார்கள். அதில் ஒருவர், நாலாவது வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தார். அவள் உடனே திருத்தினாள். திருத்திவிட்டு, வீடு முழுக்க நடந்து நடந்து, “படிக்கிறாங்க! வரி வரியாப் படிக்கிறாங்க!” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.