சைவக் கடையில் மட்டன் சுக்கா

மதுரை காளவாசல்ல ஒரு சைவ ஹோட்டலுக்கு மக்கள் தொடர்பு வேலை பாக்குறேன்.

நேத்து ரெகுலர் கஸ்டமர் அக்கா ஒருத்தங்க, சாம்பார் புளிச்சுப் போச்சுன்னு ஆன்லைன்ல ரிவ்யூ போட்டாங்க.

இன்னைக்குப் பார்த்தா, ஓனர் அண்ணன் ஏஐகிட்ட பாராட்டு எழுதி வாங்கி, சொந்தக்காரங்க போன்ல இருந்தெல்லாம் போட வச்சிருக்காரு.

பாதிக்கு மேல, "மட்டன் சுக்கா பிரமாதம்!"

கேட்டா, "மதுரை ஹோட்டல்னுதான் சொன்னேன் மாப்ள, அதுவா எழுதிருச்சு"ங்குறாரு.

"அம்புட்டையும் அழிங்கண்ணே. அந்தக்காகிட்ட நீங்களே மன்னிப்புக் கேளுங்க. இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க."

முனகிக்கிட்டே அந்தக்காவுக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டாரு.

"சாம்பாரை விடுங்கண்ணே. விரதம் இருக்குற மாமியாருக்கு உங்க கடையிலதான் வாங்கிட்டுப் போறேன். சுக்கா எப்ப இருந்து போடுறீங்க?"

இப்ப மாமியார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். அதையும் சொந்த வாயாலதான் கேக்கணும்னு சொல்லிட்டேன். சரிதானே மக்களே?