முட்டிக்குக் கீழே

எங்கள் வீடுகளில் யாரும் சாவதில்லை. ஆசார்யன் திருவடி அடைகிறார்கள். அப்பாவும் அடைந்துவிட்டார் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை போனில் சொன்னாள். கிடைத்த டிக்கெட்டில் கிளம்பினேன். நடு சீட்.

விமானம் மாற வேண்டிய சிங்கப்பூர் வரும்வரை நான் அப்பாவை நினைக்கவில்லை. என் கால்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறியதுமே முன் சீட்காரர் சாய்ந்துகொண்டார். அவருடைய தலை ஏறக்குறைய என் சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. காலை நீட்டவும் வழியில்லை, மடக்கவும் வழியில்லை. புத்தம்புது விமானம் என்று ஏறும்போதே பெருமையாக அறிவித்திருந்தார்கள். சீட்டுக்குச் சீட்டு திரை வைத்தவர்களுக்கு, உட்காருகிறவனுக்கு முழங்கால் உண்டு என்பது மட்டும் தெரியவில்லை. திரையில் ஒரு குட்டி விமானம் கடல்மேல் நகராமல் நின்றது. இரண்டு பக்கத்திலும் தூங்கினார்கள். யாரை எழுப்பிவிட்டு எழுந்து போவது?

திருச்சியில் இறங்கும்போது பாதம் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை. பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே டாக்ஸி ஏறினேன். வீட்டில் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் தரையைக் காட்டி, "சம்மணம் போட்டுண்டு உக்காருங்கோ" என்றார். உட்கார்ந்தேன். கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அத்தை என் பக்கத்தில் குனிந்தாள். "அழுதுடுடா. இப்படி மரத்துப் போயிருக்கியே."

"ஆமா அத்தை," என்றேன். "முட்டிக்குக் கீழே ஒண்ணுமே தெரியலை."

கால்களுக்கு அன்று சாயங்காலமே உணர்வு திரும்பிவிட்டது.