தாய்க்குச்சி

அழகுத்தாய் பாடத்தைக் கவனமாகத்தான் கேட்டாள். 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களுக்கு நாற்றுப்பண்ணைப் பயிற்சி நடந்தபோது, செட்டியார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். களையெடுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக மாங்கன்று வளர்த்து விற்பதென்று முடிவு செய்திருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. புருஷன் சமுத்திரத்துக்குத்தான் இருந்தது.

நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, நல்ல சாதி மரத்தின் குச்சியைச் சொருகிக் கட்ட வேண்டும். பிடித்துக்கொண்டால் வேர் நாட்டுக் கன்றுடையது, காய் நல்ல சாதியுடையது. சொருகும் குச்சிக்குத் தாய்க்குச்சி என்று பெயர். “தாயில வர்ற தளிர விட்டுருங்க, மத்ததக் கிள்ளிருங்க” என்றார் பயிற்சி கொடுத்தவர்.

வீட்டுக்குப் பின்னால் கீற்றுப் பந்தலின் கீழ் அவள் கட்டிய கன்றுகள் தளதளவென்று வந்தன. ராஜபாளையத்துத் தோப்புக்காரர் சுப்புராஜ், எல்லாம் சப்பட்டை என்ற நல்ல சாதி மாங்கன்று என்ற நம்பிக்கையில், மொத்தமாகத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் வண்டி வந்துவிட்டால் அவள் பண்ணைக்காரி. வராவிட்டால் மறுபடியும் களைக்கொத்துதான்.

வண்டி வருவதற்கு முன், கூடப் பயிற்சி எடுத்த அசீனா பார்க்க வந்தாள். பந்தலுக்குள் குனிந்தவள் நிமிரவே இல்லை.

“ஏட்டி, கட்டுக்குக் கீழ இருந்துல்லா தளிரு வந்திருக்கு? மேல குச்சி காஞ்சு கெடக்கே!”

“மேல வந்ததப் பூராம் கிள்ளிட்டேன். தாயில வர்றத விடணும்னுதான அவிய சொன்னாவ?”

“எதுட்டி தாயி?”

“வேரு உள்ளதுதான். மண்ணுல நின்னு சோறு போடுறது வேற எது?”

அசீனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பேருலயே தாய வச்சிருக்க, இது தெரியலையா! மேல சொருகுனமே, அதுதாண்டி தாயி. நீ வளத்தது அம்புட்டும் நாட்டு மாங்கா. ஊறுகா போடலாம்.”

வேர் தருவதைத் தாய் என்று அவள் நினைத்ததை வெறும் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் மாமரம் அந்த நியாயத்தைக் கேட்டுக் காய்ப்பதில்லை.

சமுத்திரம் விஷயம் கேட்டு, “பேசாம ஏத்திவிடு. காய்க்க நாலு வருசம் ஆவும். அதுவரைக்கும் எவன் கேக்கப் போறான்?” என்றான்.

“நாலு வருசம் கழிச்சும் நான் இங்கனதான கன்னு வித்துக்கிட்டு இருப்பேன்?”

இதை நேர்மை என்று அவசரப்பட்டுப் புகழ வேண்டியதில்லை. தன் தொழில் நிலைக்கும் என்பதில் அவளுக்கு அவ்வளவு உறுதி.

மறுநாள் காலை ஒரு கன்றைப் பையில் வைத்துக்கொண்டு சுப்புராஜ் தோப்புக்குப் போனாள்.

“மொதலாளி, இது சப்பட்டை இல்ல. நாட்டுக் கன்னு. என் தப்புதான்.”

“அதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?”

“இல்ல, குச்சி வெட்டிட்டுப் போக வந்தேன். வேரு நல்லா ஊனியிருக்கு, தளிரும் தோதா இருக்கு. இதுலயே திரும்பச் சொருகிக் கட்டலாம். உங்களுக்குப் பிடிச்ச மரத்தக் காட்டுங்க.”

“தப்புப் பண்ணவ கையில எம்மரத்தக் குடுக்கணுமாக்கும்?”

“தப்பு எந்த எடத்துல நடக்கும்னு எனக்குத்தான தெரியும்? புதுசா ஒருத்தி வந்தா, அவளும் அங்கனதான் வழுக்கி விழணும்.”

சுப்புராஜ் கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. கெழக்கோரத்துல நிக்குதே, எங்க அய்யா வச்ச சப்பட்டை. அதுல வெட்டு. மரத்தக் காயப்படுத்துன, அப்புறம் பாத்துக்கோ.”

ஆளைக் கூப்பிட்டுக் கத்தி கொண்டுவரச் சொன்னார். அதற்குள் அவள் தன் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

சில கன்றுகள் பட்டுப்போயின, பெரும்பாலானவை பிடித்தன. பிடித்ததை மட்டும் சுப்புராஜ் எடுத்துக்கொண்டார், பாராட்டொன்றும் சொல்லவில்லை. 1990இல் கான்சாபுரத்துக்காரர் ஒருவர், தம் வீட்டு மரத்துக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு செட்டியார்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, “சுப்புராஜ் தோப்புக்குக் குச்சி கட்டுன அம்மா வீடு எது?” என்று விசாரித்தார்.

“எம்பொண்டாட்டிதான், வாங்க” என்று சமுத்திரம் முன்னால் நடந்தான்.