தேவகி மேடத்தை யாருக்கும் தெரியாது

மெடிக்கல் கடையில் ரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. கடைக்காரர் குமரவேல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "செங்கம் ரோட்டுல மாடியில, மனசுக்கு வைத்தியம் பாக்கற அம்மா இருந்தாங்களே சார், காலையில தவறிட்டாங்களாம். ஹார்ட் அட்டாக். உங்களுக்குத் தெரியுமா அவங்கள?"

"பாத்திருக்கேன்" என்றேன்.

"நானும் பாத்திருக்கேன்" என்றார். மாத்திரைக்குப் பதிலாக இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மன அமைதி தேடி உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் திருவண்ணாமலைக்கு ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு மனசு உடைந்தால் எங்கே போவது என்பதற்கு மட்டும் இங்கே ஏற்பாடு கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவி கமலா இறந்தபோது நான் கலெக்டர் ஆபீஸில் சூப்பிரண்டு. ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். ஜோசியர் தை பிறக்கட்டும் என்றார். டீக்கடையில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரர், இறந்தது யார் என்று எனக்குள் விசாரிக்கச் சொன்னார். கமலா என்றேன். விசாரணை அத்துடன் முடிந்தது.

கடைசியில் தேவகி மேடத்தின் மாடிப்படியில் ஏறினேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆலோசகராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். பாதிப் படியில் போய்க்கொண்டிருந்தபோது கீழேயிருந்து எங்கள் ஆபீஸ் பியூன் உரக்க வணக்கம் வைத்தார். மேடம் கதவைத் திறந்ததும், "ரூம் வாடகைக்கு இருக்கான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், கீழேயும் பார்த்தார். "ரூம் இல்லீங்க சார். நாளைக்கு விடிகாலையில மலை சுத்தப் போறேன். வந்தீங்கன்னா பேசிக்கிட்டே போலாம்."

அதுதான் அவருடைய தொழில்முறை என்று பிறகு தெரிந்தது. மனநல ஆலோசகரின் அறைக்குப் போகிறவனை இந்த ஊர் பைத்தியம் என்னும். மலை சுற்றுகிறவனைப் பக்திமான் என்னும். ஆகவே அவர் எங்களை மலையைச் சுற்றி அழைத்துப்போனார். "சூப்பிரண்டு சாருக்கு பக்தி ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

"இனிமே நான் என்ன பண்ணட்டும், ஒரு வழி சொல்லுங்க மேடம்" என்று கேட்டிருக்கிறேன். "வழி சொல்றதுக்கு இந்த ஊர்ல ஆள் ஜாஸ்தி சார். கூட நடக்கத்தான் கம்மி" என்றார்.

வேடிக்கையாகப் பேசியே பல காலைகளை ஓட்டினேன். அவர் நன்றாகச் சிரிப்பார். பிறகு, "ஜோக் முடிஞ்சுதா சார்? நான் வெயிட் பண்றேன்" என்பார்.

ஒரு நாள் சொல்லிவிட்டேன். கமலா பார்த்துக்கொண்டிருந்த டிவி தொடரை நான் இன்னும் விடாமல் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அவள் பாதியில் போய்விட்டாள். மீதிக் கதை அவளுக்குத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் டிவியை அணைக்கச் சொல்லியிருப்பார்கள். மேடம், "இப்ப கதை எங்க வந்து நிக்குது?" என்று கேட்டார். மாமியாரின் சூழ்ச்சி, காணாமற்போன நகை, கைக்குழந்தையோடு வெளியேறிய மருமகள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பொண்ணு திரும்பி வந்துடும்னு கமலா பந்தயம் கட்டினா. வரல மேடம்" என்றேன். சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். பின்னால் வந்த பக்தர்கள், நான் மலையைப் பார்த்து உருகுவதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் என்னைத் தெரியாதவர்போலக் கத்தரிக்காய் விலை கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். இதைப் படிக்கிற சிலரையும் அப்படிக் கடந்து போயிருப்பார். எங்கள் மானத்தை அவ்வளவு கவனமாகக் காத்தார். அதனால்தான் அவருடைய சாவில் ஒருவராலும் வாய்விட்டு அழ முடியவில்லை.

மாடிப்படியின் கீழே தெரு நிறைய ஆட்கள் நின்றோம். வேலூரிலிருந்து வந்த அவருடைய அண்ணன் ஒவ்வொருவராக விசாரித்தார். ஒரு டீச்சர், சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். "நம்ம கடையில மருந்து வாங்குவாங்க, அவ்ளோதான்" என்றார் குமரவேல். நான் பக்கத்துத் தெரு என்றேன், அதுவும் பொய். அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணமும் வேணான்னுட்டா. இந்த ஊர்ல எனக்கு நிறைய பேர் இருக்காங்கண்ணான்னு ஃபோன்ல சொல்லிக்கிட்டே இருப்பா. பொய்யா சொல்லியிருக்கா? எந்தங்கச்சிய இங்க ஒருத்தருக்குமே தெரியாதா?"



"எனக்குத் தெரியுங்க" என்றேன். "எம்பொண்டாட்டி செத்தப்ப என்னை உயிரோட வச்சிருந்தது அவங்கதான்."

குமரவேல் தலை நிமிராமல், "எம்பையன் போனப்ப என்னையும்" என்றார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் என்னோடு நடந்தார். கொஞ்ச தூரத்தில் உடைந்து அழ ஆரம்பித்தார். நான் அரை அடி பின்தங்கினேன். மேடம் எப்போதும் அப்படித்தான் நடப்பார். முழங்கால் வலியா என்று ஒருமுறை கேட்டதற்கு, "மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்தா யாரும் அழமாட்டாங்க சார்" என்று சொன்னார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அரை அடிதான்.