வேலூர் – நெய்வேலி, நாற்பத்தைந்து நிமிடம்

இதை ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். துக்கத்தில் அப்படித்தான் தோன்றும் என்றார்கள். ஆனால் அது நடந்தபோது எனக்குத் துக்கமே வந்திருக்கவில்லை. என் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துத்தான் மாடியில் நின்றிருந்தேன்.

1993. அவர், அருணகிரி, ஒரு தனியார் கம்பெனியின் ஆறு பேர் உட்காரும் விமானத்தை ஓட்டினார். வேலூரில் ஒரு சின்ன ஓடுதளம், நெய்வேலியில் ஒன்று. நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். எனக்காகக் கொஞ்சம் வளைந்து திருவண்ணாமலை வழியாக வருவார். கிளம்பிய இருபத்திரண்டாவது நிமிடம், ஊரை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டு மாடியில் நின்று டார்ச் அடிப்பேன். அவர் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார். மாதத்தில் பாதி நாள் எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

கீழ்வீட்டு கஸ்தூரி அக்கா கிண்டல் செய்வார். "பஸ்ல வந்தா ரெண்டு மணி நேரம் ஆனாலும் வீட்டுக்கு வந்துடுவாரு. இவரு என்னடி, தலைக்கு மேலயே போயிடறாரு?"

அந்தக் கார்த்திகையில், தீபத்துக்காவது வாங்க என்று கேட்டிருந்தேன். வரவில்லை. தீபம் ஏற்றிய நான்காம் நாள் மாலை அக்கா வீட்டு போனில் கூப்பிட்டார்.

"அஞ்சு மணிக்குக் கிளம்பறேன். கோவமா?"

"இல்லைங்க."

கோபம்தான்.

5.22. வரவில்லை. 5.45. மலை உச்சியில் தீபம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. இருட்டினால் நெய்வேலியில் இறங்க முடியாது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

6.20. வடக்கே ஒரு வெளிச்சம். இரண்டு முறை அணைந்து எரிந்தது. அவர்தான். டார்ச் அடித்தேன். ஆனால்... சத்தமே இல்லை. எப்போதும் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

கீழே வாசலில் அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேவதி, சத்தம் கேக்குது. வெளக்கையே காணோமே?"

"தலைக்கு மேலதானே அக்கா..."

"எங்கடி?"

வெளிச்சம் தெற்கே போகவில்லை. மலையை வலம் வந்தது. மறுபடி வடக்கே வந்தபோது தாழ்ந்திருந்தது. இன்னொரு சுற்று. இன்னும் தாழ்வாக...

தென்னை உயரத்தில்.

மாடியில் பெட்ரோல் வாசனை. அவர் சட்டை வாசனை.

என் பக்கத்தில்.

அணைந்தது.

ஏழு மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அன்று விமானம் கிளம்பவே இல்லை. எஞ்சினில் கோளாறு. ரேவதி கோவமா இருக்கா, வீட்டுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டு கம்பெனி ஜீப்பை எடுத்திருக்கிறார். கண்ணமங்கலம் தாண்டி ஒரு லாரி. ஆறு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து விமான மெக்கானிக் இராமலிங்கம் வந்தார். உள்ளே வரவில்லை.

"எஞ்சின் பாகத்தைக் கழட்டி என் ரூம்ல வச்சிருந்தேங்க. ஷெட்டும் பூட்டு. ஆனா, மறுநாள் காலைல டேங்க்ல பெட்ரோல் கம்மி."

"எவ்வளவு?"



"இங்க வந்து சேர்ற அளவுதாம்மா கொறஞ்சிருக்கு. திரும்பிப் போற அளவு இல்ல."