அத்தை விழுந்த இடம்

எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் தோல் கம்பெனி பஸ் ஏறுவார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போனாள். மீன் குத்தகைக்காரரின் படகு கரைக்கு வந்ததும் கூடைகளை இறக்குவது அவள் வேலை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். எந்தக் கூடை முதலில் என்று அதிகாரம் செய்வதோடு சரி.

அன்று படகுக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகை பாசி பிடித்துக் கிடந்தது. தலையில் கூடையோடு இறங்கிய அத்தை வழுக்கி, கரைக் கல்லின்மேல் விழுந்தாள். மீன்கள் என் காலடிவரை சிதறின. அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

குத்தகைக்காரரின் ஆள் ஆட்டோ பிடித்து வந்தான். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் அவனுக்கு ஒரே கவலை.

“அக்கா, வூட்ல விழுந்தேன்னு சொல்லிடுங்க. ஏரின்னா கேஸாவும், எல்லாருக்கும் பேஜாரு.”

அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அவனே முந்திக்கொண்டான்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க சார்.”

அத்தை முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். “இல்ல சார். ஏரில, படகுலர்ந்து எறங்கறப்ப விழுந்தேன். வேலை செய்யறப்ப விழுந்தேன்.”

எக்ஸ்ரே எடுத்தவரிடமும் அதையே சொன்னாள். மாவுக்கட்டு போட்ட நர்ஸிடமும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி ஊர் எது என்று கேட்டதற்கும் அதே பதில்தான். வலியில் அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் பயந்துபோனேன்.

வீடு திரும்பியதும் குத்தகைக்காரர் மக்கன் பேடா பெட்டியோடு வந்தார்.

“இன்னாம்மா, கால் வழுக்கறது எல்லாருக்கும் ஆவறதுதான? எதுக்கு பெருசு பண்ற?”

“பலகைய எடுத்துட்டு, கைப்பிடி வச்ச இரும்புப் படி போடுங்க சார். அது வர்ற வரைக்கும் பொம்பளைங்க யாரும் கூடை எறக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்பவே எல்லார் கிட்டயும் பேசிட்டேன்.”

பேடாவையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சொன்னபடியே பெண்கள் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். குத்தகைக்காரர் ஆள் அனுப்பினார், அதட்டினார், ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. படகிலேயே மீன் நாறத் தொடங்கிய பிறகுதான் வெல்டிங்காரர் வந்தார்.

அத்தையின் கால் கொஞ்சம் கோணலாகவே கூடியது. மறுபடி வேலைக்குப் போன அன்று, தலைக்கூடையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் புது இரும்புப் படியின் கைப்பிடியைப் பிடித்து, நிதானமாக இறங்கினாள். அவள் கால் தரையில் பட்டதும் கீழே நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒருத்தி படியிறங்குவதைப் பார்த்துப் பெரியவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.